கூச்சத்துக்கு ஒரு பெட்டி

கல்லூரியில் அவளை நாங்கள் ஸ்கேல் அக்கா என்று கூப்பிடுவோம். எங்களைவிட ஏழு வயது மூத்தவள். எங்கே போனாலும் பையில் ஓரடி இரும்பு ஸ்கேல் ஒன்று இருக்கும். சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பாள் என்று கேலி செய்வோம். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பா இறந்துபோக, அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவள் அவள். ஒரு அட்டையில் எத்தனை பெட்டி அடங்கும், எப்படி வைத்தால் வீணாகாது என்று கணக்குப் போடும் வேலை. ஆறு வருஷம் அதைச் செய்துவிட்டு, பெட்டிகளை வடிவமைக்கக் கற்றுக்கொள்ள எங்கள் டிசைன் கல்லூரிக்கு வந்தாள். அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறார், வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மற்றதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

நான் பொம்மைப் பிரிவு. மூன்றாம் வருஷம், பொம்மை செய்கிறவர்களையும் பெட்டி செய்கிறவர்களையும் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் என் பொம்மை அக்காவுக்கு விழுந்தது. குழந்தைகள் போட்டு உருட்டுகிற பொம்மை இல்லை அது. பெரியவர்கள் வாங்கி அலமாரியில் சேர்த்து வைப்பார்களே, அந்த ரகம். உள்ளங்கை உயரம், தொந்தி வயிறு, நீளமான இரண்டு காதுகளை முன்னால் மடித்துக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு பிராணி. கூச்சம் என்று பெயர் வைத்திருந்தேன். நூறு மட்டும் செய்து, ஒவ்வொன்றின் பாதத்திலும் ஒன்று, இரண்டு என்று எண் போடுவதாகத் திட்டம்.

அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாவம், எதப் பாக்கப் பயந்து மூடிக்கிச்சு?" என்றாள். நான் அதை யோசித்ததே இல்லை. அழகாக இருக்கும் என்றுதான் செய்தேன்.

முதல் மூன்று மாதிரிப் பெட்டிகளும் கச்சிதமாக வந்தன. காந்தம் வைத்த மூடி, உருவி எடுக்கும் உறை, உள்ளே காது மடங்காமல் நிற்க ஒரு குழி. வெள்ளை அட்டையில் செய்து வீட்டுக்கு எடுத்துப்போவாள். மூன்றாவதை அவள் திருப்பிக் கொண்டுவந்தபோது அதன் நாக்கு, அதாவது மூடியை உள்ளே செருகும் மடிப்பு, கிழிந்து தொங்கியது. ஓரத்தில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். எலி என்றாள். எலிக்கு அவ்வளவு பெரிய பல் இருக்காது என்று நான் ஜோக் அடித்தேன். அவள் அன்று சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். தம்பி அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க முயன்றிருக்கிறான். அவனுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. மற்ற நான்கு விரல்கள் இருந்தும் மடங்காது. இடது கையால் பெட்டியைப் பிடித்து, பல்லால் நாக்கை இழுத்திருக்கிறான். மறுநாள் வகுப்பில் காட்ட வேண்டிய பெட்டி. அக்கா பார்த்தவுடன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "உன்ன யாரு இதத் தொடச் சொன்னது?" என்று கேட்டுவிட்டாள். அவன் எழுந்து போய்விட்டான்.

அவன் கை அப்படி ஆனது அதே தொழிற்சாலையில்தான். படிப்பு ஏறாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை, மேனேஜரிடம் பேசி, அட்டை வெட்டும் பிரஸ்ஸில் சேர்த்துவிட்டது அக்கா. இரண்டாவது மாதம் கை உள்ளே மாட்டியது. அந்த மிஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் ஓட்டுவார்கள் என்பது அக்காவுக்கு முன்பே தெரியும். கழற்றினால் வேலை வேகமாக நடக்கும். தெரிந்தும் சேர்த்தேன் என்கிற ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. விபத்து நடந்த அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டாள்.

பல் பதிந்த பெட்டியைப் பார்த்த பிறகு நான்கு வாரம் அவள் என்னிடம் ஒன்றும் காட்டவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு புதுப் பெட்டியை மேஜைமேல் வைத்து, "வலது கையப் பாக்கெட்ல விட்டுக்கோ. இப்பத் திற" என்றாள். அடிப்பாகம் அகலமாகவும் கனமாகவும் இருந்ததால் பெட்டி நகரவில்லை. முன்பக்கம் ஒரு நாடா வளையம் இருந்தது. விரலை மடக்க வேண்டியதில்லை, நுழைத்து இழுத்தால் போதும். முன்சுவர் மெதுவாகச் சாய்ந்து, மேல்மூடி தானாக எழும்ப, உள்ளே கூச்சம் உட்கார்ந்திருந்தது. கையை முஷ்டியாக வைத்துக்கொண்டு திறக்கச் சொன்னாள், திறந்தது. மணிக்கட்டால் திறக்கச் சொன்னாள், அப்படியும் திறந்தது. நான் அசந்துபோனேன். யாருக்காக இப்படி என்று கேட்டதற்கு, யாருக்கா இருந்தா என்ன என்றாள்.

வீட்டில் துப்பட்டாவால் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் மணிக்கணக்காகத் திறந்து மூடிப் பார்த்ததை அம்மா பார்த்திருக்கிறார். அடுத்த அறையில் இருந்த தம்பியை மட்டும் அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

ஆனால் பெட்டி தேறவில்லை. எங்கள் ஆசிரியை ஒரு விதி வைத்திருந்தார்: இடுப்பு உயரத்திலிருந்து பத்துத் தடவை கீழே போட வேண்டும். நான்கு தடவை திறந்துகொண்டது. மூன்றாவது தடவை பொம்மை தெறித்து விழுந்து வலது காதின் நுனி உடைந்தது. நாற்பது நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த காது அது. எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் குனிந்து அந்தத் துணுக்கைத் தேடி எடுத்து, காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு மில்லிமீட்டர் இறுக்கினா திறக்காம நிக்கும். ஆனா அப்புறம் கட்டைவிரல் வேணும்" என்றாள்.

"எல்லாருக்கும் கட்டைவிரல் இருக்குக்கா" என்றேன் நான்.

அவள் இறுக்கவில்லை. அப்படியே கண்காட்சியில் வைத்தாள்.

கண்காட்சியன்று காலை அவளுக்கு ஒதுக்கிய சுவரைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். பதினோரு தாள். எல்லாவற்றிலும் ஒரே கை. பென்சிலில், தழும்பின் ஒவ்வொரு சுருக்கத்தோடும் வரைந்திருந்தாள். நடுவில் ஒன்றை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, விரலுக்கு விரல் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு விரியும், எங்கே நின்றுவிடும் என்று மில்லிமீட்டரில் குறித்திருந்தாள். கைக்குக் கீழே படுக்கை விரிப்பின் மடிப்புகள் தெரிந்தன. தூங்கும்போது வரைந்த கை என்பது பார்த்தவுடனே புரிந்தது.

மதிப்பெண் போட வந்தவர்களில் ஒருவர் இந்த மாதிரிப் பொம்மைகளை விற்கும் கடைக்காரர். பெட்டியைத் திறந்தார், மூடினார். "நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா இத வாங்குறவங்க திறக்கவே மாட்டாங்கம்மா. திறந்துட்டா அதுக்கு மதிப்பு போயிடும்" என்றார். திறக்கிறவங்களும் இருப்பாங்க சார் என்று அக்கா முணுமுணுத்தாள். அவர் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இந்தப் படங்கள்தான் பிரமாதம், சட்டம் போட்டு மாட்டலாம் என்று சொல்லி, போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா வந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, மகளுக்குச் சொல்லாமல் மகனையும் அழைத்து வந்திருந்தார். முழுக்கைச் சட்டை போட்ட ஒல்லியான பையன். அக்காவைத் தேடிக்கொண்டே வந்தவன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற முதல் வருஷத்துப் பெண்கள் இரண்டு பேர், பட்டுப்போன மரக்கிளை மாதிரி இருக்கு இல்ல என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டைக் கையை இழுத்து விரல்நுனி வரை விட்டுக்கொண்டான். பிறகு தாள் தாளாக நகர்ந்து, எழுதியிருந்த அளவுகளையெல்லாம் படித்தான். அவசரப்படவில்லை.

கடைசியில் எங்கள் மேஜைக்கு வந்தான். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியை அவன் பக்கம் நகர்த்தி, "திறந்து பாரேன்டா" என்றாள்.

"திறக்கும்கா. அளவெடுத்துத்தானே செஞ்சிருக்க" என்றான்.

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் பின்னால் போவதா, மகளிடம் நிற்பதா என்று தெரியாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த மேஜையோரமே கொஞ்ச நேரம் நின்றார்.

அக்கா அப்போதே தாள்களைக் கழற்றினாள். கண்காட்சி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆசிரியை தடுத்தும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனபோது தம்பி சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பேச்சு எப்படியோ பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. கம்பி கழற்றியிருந்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சேர்த்துவிட்டேன், எல்லாம் என்னால்தான் என்று அழுதிருக்கிறாள்.

அவன் குழாயை மூடினான்.

"அந்தக் கம்பிய அன்னிக்குக் கழட்டினதே நான்தான்கா. ஆஸ்பத்திரிலயே சொன்னேன். நீ அழுதுகிட்டே இருந்த, காதுல வாங்கல. அப்புறம் எத்தன தடவ சொல்லிட்டேன், நீ கேக்கவே இல்ல. இப்ப வரையறதுக்கும் நீ என்னக் கேக்கல." குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "கேட்டிருந்தா நானே கைய நீட்டியிருப்பேன்."

பாத்திரம் நிரம்பியிருந்தது. அவனே அதை இடது கையில் தூக்கிக்கொண்டு போனான். சுருட்டிய தாள்களை அக்கா அவன் அறை வாசலில் வைத்தாள். என்ன செய்யவேண்டும் என்று அவனே முடிவு செய்யட்டும் என்று நினைத்தாள். அவன் தொடவில்லை. ஒரு வாரம் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். பிறகு ஒருநாள் வீடு கூட்டும்போது அம்மா அதை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். எங்கே என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ப்ராஜெக்டில் அக்காவுக்குத் தேர்ச்சி மட்டும் கிடைத்தது. என் பொம்மையை அந்தக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அதற்கு அக்காவின் பெட்டி வேண்டாம், நான்கு பக்கமும் ஒட்டிய சாதாரணப் பெட்டி போதும் என்றார். சரி என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடை ஜன்னலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பாள்.

எட்டு மாதம் கழித்துத் தம்பி வேறொரு ஊரில் ஒரு கிடங்கின் வாசலில் வண்டி எண் எழுதும் வேலைக்குப் போய்விட்டான். இடது கையால் எழுதப் பழகியிருந்தான். வேலைக்கு விண்ணப்பித்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. கிளம்புவதற்கு முதல் நாள்தான் சொன்னான்.

அக்காவைப் போன வருஷம் ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மருந்துப் பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் இருக்கிறாளாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் வண்டி வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தில்தான் இதையெல்லாம் சொன்னாள். பெட்டி விஷயத்தில் நான் செய்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அதெல்லாம் எப்பவோ போச்சு என்று கையை ஆட்டினாள்.

தம்பி பேசுகிறானா என்று கேட்டேன்.

"வாரா வாரம் பேசுறான். சாப்பிட்டியாக்கா, உடம்பு எப்படி இருக்குன்னு எல்லாம் கேக்கறான்." ஸ்கேல் துருத்திக்கொண்டிருந்த பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஆனா அவனப் பத்தி ஒண்ணும் சொல்றதில்ல. கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்திருக்கான்னு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

பேருந்து வந்தது. கூட்டம் முண்டியடித்தது. எல்லோரும் ஏறும்வரை காத்திருந்து, கடைசியாக ஏறினாள். உள்ளே உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு என் பக்கமாக நின்றாள். வண்டி கிளம்பியது.