கால் பரப்பி நின்ற விளக்குகள்

கல்வித் துறையின் கோப்பில் அவர் "மின்னணுவியல் மற்றும் நிரலாக்கத் திறன் பயிற்றுநர்". பள்ளியில் அவர் தையல் டீச்சர். மின்விசிறி சுவிட்சைக்கூட மர ஸ்கேலால் தட்டித்தான் போடுவார். மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள் பெட்டியில் வந்து இறங்கியபோது, "நம்மள்ல மெஷின் ஓட்டத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்" என்று தலைமையாசிரியர் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்.

பாடம் ஒரு மாதிரியாக நடந்தது. டீச்சர் கையேட்டை உரக்க வாசிப்பார். பிள்ளைகள் கணினியில் நிரலைத் தட்டி போர்டில் ஏற்றுவார்கள். விளக்கு எரிந்தால் எல்லாரையும்விட அதிகமாக அலறுவது டீச்சர்தான். பயம் பாதி, பெருமை பாதி. அந்த வகுப்புக்குக் காய்ச்சல்காரர்கள்கூட வந்தார்கள்.

ஆய்வு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்; எரியாவிட்டால் போர்டுகள் வேறு பள்ளிக்குப் போய்விடும். டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வு நாளன்று சீக்கிரமே வந்து மேசைகளைத் துடைத்தார். போர்டுகளில் செருகியிருந்த குட்டி விளக்குகள் தங்கள் இரண்டு கம்பிக் கால்களையும் அகல விரித்துக்கொண்டு நின்றது கண்ணை உறுத்தியது.

"பெரிய மனுஷங்க வர்ற இடத்துல இது என்ன நிப்பு?"

பளபளக்கும் வெள்ளி நூலை எடுத்து, ஒவ்வொரு விளக்கின் கால்களையும் சேர்த்து இறுக்கிப் பூமுடிச்சுப் போட்டார்.

அதிகாரி வந்தார், பொத்தானை அழுத்தினார். எரியவில்லை. அடுத்த மேசையிலும் இல்லை. பிள்ளைகள் நிரலை மேலிருந்து கீழ்வரை துருவினார்கள். அதில் குற்றமில்லை.

"வண்டி கேட்லதான் நிக்குது. போர்டுகளை ஏத்திடலாமா மேடம்?" என்றார் அதிகாரி.

டீச்சர் பொத்தானை மர ஸ்கேலால் தட்டிப் பார்த்தார். ஓயாமல் நச்சரிப்பதால் நச்சு என்று பெயர் வாங்கிய சிறுமி ஒரு விளக்கருகே மூக்கை நீட்டினாள்.

"டீச்சர், இந்த நூலை யாரு கட்டினது?"

"நான்தான்டி. அழகா இல்ல?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா உள்ள கம்பி இழை ஓடுது டீச்சர். கரன்ட் விளக்குக்குள்ள போகாம இது வழியாவே ஓடிப்போகுது."

"நூல்ல எங்கடி கரன்ட் போகும்! இத்தனை வருஷமா தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அவுத்துப் பாத்துடலாமே டீச்சர்."

அவிழவில்லை. டீச்சர் போட்ட முடிச்சாயிற்றே. அதிகாரி வண்டிக்காரரைக் கூப்பிட வாயெடுத்தார். டீச்சர், காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தராத தன் கத்தரிக்கோலை நச்சுவிடம் நீட்டினார். பூமுடிச்சு விழுந்தது, விளக்கு எரிந்தது, டீச்சர் அலறிய அலறலில் அதிகாரி ஒரு பெஞ்சுக்குப் பின்னால் போய்விட்டார்.

"வண்டிய அனுப்பிடறேன் மேடம். தயவுசெஞ்சு கத்தாதீங்க."

பயிற்றுநர் அன்று செய்தது இவ்வளவுதான்: எரியக்கூடிய விளக்குகளை எரியாமல் செய்தார், காரணம் கண்டுபிடித்தவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.