சித்தப்பா பார்க்காத பத்துமணிப் பூ

உங்களில் யார் வீட்டிலாவது பத்துமணிப் பூச்செடி இருந்தால், ஒருநாள் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். டேபிள் ரோஸ் என்றும் அதைச் சொல்வார்கள். விரல் நீளத்துக்குத் தண்டு, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாகத் தடித்த இலைகள். விடிகாலையில் பார்த்தால் அதில் பூ இருக்கிறது என்றே தெரியாது. மொட்டெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிப் பத்து மணி ஆனதும், யாரோ சொல்லிவைத்த மாதிரி எல்லாம் சேர்ந்து விரியும். மத்தியானம் திரும்பினால் மூடிக்கொள்ளும். மூடினது மூடினதுதான். மறுநாள் திறப்பது வேறு மொட்டு.

இந்தச் செடியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி. வைத்ததும் அவர்தான், தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது பூத்ததை அவர் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு, அதற்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல், கல்லை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. முதலில் அப்படி இல்லை. "வா தம்பி, சாப்ட்டியா தம்பி" என்று அம்மா சொல்வதும், "அண்ணி, இன்னா கொழம்பு?" என்று சித்தப்பா வாசலிலேயே மோப்பம் பிடிப்பதும்தான் எங்கள் வீட்டின் மாலை நேரம். பிறகு சித்தப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் வீட்டில் இருந்தார். ஒருநாள் பம்பில் தண்ணீர் வராமல் அலைந்துவிட்டு வந்த எரிச்சலில், "ஒக்காந்துகினு துன்றவங்களுக்கு இன்னா தெரியும்?" என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "எங்க அண்ணன் சம்பாத்தியத்துல துன்றேன். ஒங்க அப்பன் ஊட்டு சோறு இல்ல" என்றார். அம்மாவின் அப்பா இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அடுத்த மாதமே சித்தப்பாவுக்குத் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கோபத்துக்குக் காரணம் போயிற்று. கோபம் மட்டும் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அப்பாவிடம் இருவரில் யார் சொன்னாலும், "நீங்களாச்சி ஒங்க சண்டையாச்சி, என்ன நடுவுல இஸ்காதீங்க" என்று பேப்பரை எடுத்துக்கொள்வார்.

அதனால் நடுவில் நான் வந்தேன். நீங்கள் இன்றைக்குப் போனில் மெசேஜ் அனுப்புகிறீர்கள். எங்கள் வீட்டில் நான்தான் மெசேஜ். ஒரே அறைதான், அம்மா அடுப்புப் பக்கம், சித்தப்பா வாசற்பக்கம். இருவருக்கும் மற்றவர் பேசுவது நன்றாகவே காதில் விழும். ஆனாலும் நான் எழுந்து நாலடி நடந்து போய்ச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. மற்றவர் வாசலுக்கு வெளியே இருந்துவிட்டால், நான் சொல்வது மட்டும்தான் சேதி.

"கொழம்பு ஆறிப் போவுது, வெறும் வயித்தோட படுக்க வேணாம், ரெண்டு வாயாவது துன்னுட்டுப் படுக்கச் சொல்லுடா" என்பாள் அம்மா.

நான் வெளியே ஓடி, "சாப்பிடச் சொன்னாங்க" என்பேன்.

"கம்பெனில போண்டா குடுத்தாங்க, பசி இல்ல. எனக்கோசரம் காத்துகினு கீற வேணாம், அவங்கள துன்னச் சொல்லு" என்பார் சித்தப்பா.

நான் உள்ளே ஓடி, "வேணாமாம்" என்பேன்.

எனக்கு விளையாட்டு பாதியில் நிற்கும் அல்லவா? அதனால் எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும் ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா எனக்குத் 'தந்தி' என்று பேர் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் தந்தி அடித்தால் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு, அதனால் சுருக்கிச் சுருக்கித்தான் அடிப்பார்கள். "இன்னாடா தந்தி, இன்னைக்கு வேலை ஜாஸ்தியா?" என்று அவர் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா தன் டிபன் பாக்ஸில் நாலைந்து தண்டுகளைக் கொண்டுவந்தார். கம்பெனி கேட் ஓரமாக இருந்ததாம். பாதியாக அறுத்த ஒரு பெயின்ட் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, தண்டுகளை நட்டார். அதைத் துணி துவைக்கிற கல்லுக்கு எதிரே சுவர்மேல் வைத்தார்.

"மாடில வெய்யேம்பா, நாள் பூரா வெயில் அடிக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"மாடில வெச்சா யாரு பாக்கறது அக்கா?" என்றார் சித்தப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டியபிறகுதான் வருகிறவர், ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம் என்று போய்விடுகிறவர், சுவரில் வைத்தால் மட்டும் பார்க்கப் போகிறாரா?

சித்தப்பா தினமும் வேனுக்குப் போகும்முன் செடிக்கு ஒரு கை தண்ணீர் தெளிப்பார். அதிகம் ஊற்றினால் தண்டு அழுகிவிடும். காய்ந்த பூவைக் கிள்ளி எறிவார். கோடை விடுமுறை வந்தபோது, நான் வீட்டில் இருந்ததால், முதன்முதலாகப் பத்து மணிக்கு அதைப் பார்த்தேன். டப்பா தெரியவில்லை. ராணி கலரில் அடுக்கடுக்காகப் பூ, அதன் நடுவே மஞ்சள் பொடி, அதில் புரண்டுகொண்டிருந்த சின்னத் தேனீக்கள்.

அம்மா அந்த நேரம்தான் துணி துவைக்க வருவாள். அப்பா வேலைக்குப் போய், மற்றவர்கள் வேலையெல்லாம் முடிந்து, கல் காலியாகிற நேரம் அது. துவைப்பதற்கு முன்னால் டீ டம்ளரோடு கல்மேல் உட்கார்ந்துவிடுவாள். டீ ஆறிப்போகும். வீட்டின் நிழல் டப்பாவில் விழுந்தால், எழுந்து அதை வெயிலுக்கு நகர்த்தி வைப்பாள். துணி காயப்போட இடம் வேண்டி நகர்த்துகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரவு சித்தப்பா கை கால் கழுவும்போது கேட்பார்: "இன்னைக்கு பூத்துச்சா நைனா?"

"நெறைய பூத்துச்சி சித்தப்பா."

கொஞ்ச நேரம் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, "ஒங்கம்மா இன்னா சொன்னாங்க?" என்பார்.

"ஒண்ணும் சொல்லலியே. துணி தொவைச்சாங்க."

"ம்" என்பார்.

உண்மையைத்தான் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் ஏதாவது சொல்லி அனுப்பினால்தானே சொல்வேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. சித்தப்பா குளித்து, தலை சீவி, சுவரோரம் வந்து நின்றுகொண்டார். அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாவிட்டால் பத்துமணிப் பூ திறக்காது. பத்து ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. மொட்டுகள் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாபா, பொண்ணு பாக்க வந்தவன் மாரி நிக்கிறே? பொண்ணு வெளிய வரமாட்டேங்குதா?" என்று கேலி செய்தார். சித்தப்பா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா அடுப்பு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை. சித்தப்பா வெளியே ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னை எழுப்பி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், காதோடு சொன்னாள்:

"ஓடிப் போய்ச் சொல்லுடா. வெச்ச மனுசன் ஒரு நாளு கூட பாக்காம, நான் மட்டும் தெனம் ஒக்காந்து பாத்துகினு கீறது எனக்கே ஒரு மாரியா கீது. செடிய கம்பெனிக்கு எத்துகினு போவச் சொல்லு. அங்க பத்து மணிக்கு தம்பி கண்ணார பாக்கட்டும். சாயங்காலம் பத்தரமா ஊட்டுக்கு எத்துகினு வந்துடச் சொல்லு. இன்னா, புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதும்மா."

தெருவில் வேன் ஹாரன் அடித்தது. நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடினேன்.

"சித்தப்பா, செடிய கம்பெனிக்கு எத்துகினு போவச் சொன்னாங்க அம்மா."

சித்தப்பா ஷூ கயிற்றைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்கம்மாவா சொன்னாங்க?"

"ஆமா, இப்பதான் சொன்னாங்க."

மறுபடி ஹாரன் அடித்தது. அவர் டப்பாவைச் சுவரிலிருந்து எடுத்தார். அடியில் ஒட்டியிருந்த ஈர மண்ணைக் கையால் துடைத்தார். இடுப்போடு அணைத்துக்கொண்டு போய் வேனில் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அது சித்தப்பாவுக்குப் பிடிக்கும். அவர் வரும்வரை அம்மா நாலு தடவை வாசலுக்கு வந்துபோனாள். சித்தப்பா வெறுங்கையோடு வந்தார். அம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். செடி எங்கே என்று கேட்கச் சொல்லி என்னை அனுப்பவில்லை. சித்தப்பாவும் பூத்ததா என்று என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேலையே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் சித்தப்பா, கம்பெனிக்குக் கிட்டே இருக்கும் என்று, கூட வேலை செய்கிறவர்களோடு திருமழிசையில் ரூம் எடுத்துப் போய்விட்டார். பிற்பாடு அம்மாவும் அவரும் பேசத்தான் செய்தார்கள். கல்யாணத்தில், காதுகுத்தில், "வாங்க, சாப்டீங்களா?" என்று அம்மா கேட்பாள். "ஆச்சிங்க" என்பார் அவர். முன்பு இல்லாத மரியாதையெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. தம்பி என்று அவளும் கூப்பிடவில்லை, அண்ணி என்று அவரும் கூப்பிடவில்லை. அப்படியே அம்மாவின் காலமும் முடிந்தது.

போன பொங்கலுக்குச் சித்தப்பா ஐயப்பன்தாங்கலில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார். என் மகள் பால்கனியில் பத்துமணிச் செடி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும், "இந்தச் செடிய நான் வெச்சிட்டு, ஒங்கம்மாவுக்குப் புடிக்காம, எத்துகினு போன்னு சொல்லி அனுப்பிச்சாங்களே, ஞாபகம் கீதா நைனா?" என்று சிரித்தார். "சோறப் பத்தி வாய் தவறிப் பேசிட்டேன். நேரா போய் மன்னிச்சிக்கோன்னு சொல்ல வாய் வரல. பகல்ல தனியா கெடக்கறாங்களே, கண்ணுக்கு எதுக்க பூ இருந்தா மனசு ஆறும்னு வெச்சேன். அவங்க அதையும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அம்மா அன்று காதோடு சொன்னதை, இத்தனை வருடம் கழித்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் அவரிடம் சொன்னேன்.

"தம்பின்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆமா சித்தப்பா."

"அண்ணி... தம்பின்னா சொன்னாங்க?" என்று திரும்பவும் கேட்டார். பிறகு செடியைப் பார்த்தார். மத்தியானம் தாண்டிவிட்டது, எல்லாம் மூடிக் கிடந்தது. அவர் பதில் சொல்லியிருந்தால் ஒரு சொல் குறையாமல் கொண்டுபோயிருப்பேன். வாங்கிக்கொள்ளத்தான் அடுப்புப் பக்கம் யாரும் இல்லை.

செடி போன மறுநாள் காலை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பத்து மணிக்கு அம்மா டீ டம்ளரோடு வந்து கல்மேல் உட்கார்ந்தாள். சுவரில் டப்பா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. அதைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, நேத்து நான் சொன்னத எல்லாத்தியும் சொன்னியா?"

"சொன்னேம்மா."

"எத்துகினு வரச் சொன்னது?"

காம்பவுண்டுக்கு வெளியே பசங்கள் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் சொன்னேம்மா" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. செடியை எடுத்துப் போகச் சொன்னாள், நான் சொன்னேன், அவரும் எடுத்துப் போனார். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பினேன். 'தம்பி' என்று அம்மா சொன்னாளே, அதுதான் சேதி என்று எனக்குத் தெரியவில்லை.