மூணு இடத்துக்காரி

என் மனைவிக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் 'மூணு இடத்துக்காரி'. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது அவள் தொழில். எந்த வீடியோவும் மூன்று தனித்தனி டிஸ்கில் இருந்தால்தான் பத்திரம் என்பாள். தொழிலோடு விட்டாளா? வீட்டுச் சாவி மூன்று இடத்தில், கத்தரிக்கோல் மூன்று இடத்தில். என் மூக்குக்கண்ணாடிக்குக்கூட இரண்டு மாற்று வைத்திருக்கிறாள். "உங்களுக்கு மட்டுந்தான் இன்னொரு காப்பி எடுக்க முடியல" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீடியோ சேமிக்க எட்டு டெராபைட் எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

"நான் எதுக்கும்மா? நீயே பாத்து வாங்கிட்டு வாயேன்."

"நீங்களும் வாங்க. அந்தப் பதினாறு டெராபைட்டையும் எடுத்துக்கங்க."

வேறு வழியில்லாமல் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பதினாறு டெராபைட் டிரைவ் என் தனிப்பட்ட சாதனை. மூன்று மாதம் முன்பு நடைபாதையில் ஒருவன் துணி விரித்து விற்றுக்கொண்டிருந்தான். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. விலையோ கொள்ளை மலிவு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வாங்கிவந்து, எங்கள் மகள் பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை எடுத்த வீடியோ அத்தனையையும் அதில் போட்டேன். கையோடு பழைய டிஸ்கைச் சுத்தமாக அழித்து, சண்டைப் படங்களால் நிரப்பினேன். போன மாதம் மகள், "அப்பா, நான் மொதல்ல நடந்தேன்ல, அதைக் காட்டு" என்றாள். திறந்தால் ஒரே கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று குழந்தையிடம் புளுகினேன். மனைவியிடம் மூச்சே விடவில்லை. சோறு இறங்காத நாட்கள் அவை.

கடைக்காரர் வழுக்கைத் தலை, வாய் நிறையப் பேச்சு. எட்டு டெராபைட் டிரைவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, "கண்ணை மூடிட்டு வாங்கலாம் மேடம்" என்றார்.

"கண்ணைத் திறந்துட்டே வாங்கறேன். இதை முழுசா நிரப்பிக் காட்டுங்க. அப்புறம் மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டுங்க. எழுதினது எழுதினபடி இருந்தா எடுத்துக்கறேன்."

"முழுசாவா? சாயங்காலம் ஆயிடுமே மேடம்!"

"உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தேவிட்டாள். நான் நாற்காலியில் நெளிந்தேன். "ஊர்ல எல்லாரும் டப்பாவை வாங்கினமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்காங்க. மானத்தை வாங்காத" என்று காதைக் கடித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் நான் பக்கத்துக் கடையில் வாங்கிவந்த பொட்டலத்தை மூவருமாகப் பிரித்துத் தின்றோம். சும்மா இருக்கக் கை வராமல், கடைக்காரரின் கேபிள் குவியலைச் சிக்கெடுத்து நீளவாரியாக அடுக்கியும் கொடுத்துவிட்டாள். அதற்குப்பிறகு 'மேடம்' போய் 'அக்கா' வந்தது.

மூன்று மணிக்குத் திரையில் பச்சை எழுத்து. பிழை ஒன்றுகூட இல்லை.

"ஏங்க, உங்களுதையும் குடுங்க. பாத்துடலாம்."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன். செருகிய ஐந்தாவது நிமிடத்திலேயே கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "சார், இதுல அறுபத்துநாலு ஜி.பி.தான் இருக்கு. அதுக்கு மேல எழுதினா, முன்னாடி எழுதினது மேலயே எழுதும்." சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளே பசையில் ஒட்டிய ஒரு மெமரி கார்டு, கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அவ்வளவுதான்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "குட்டியோட வீடியோ எல்லாம் இதுலதான் போட்டேன். பழசை அழிச்சிட்டேன்மா" என்றேன்.

"தெரியும். போன வாரம் நீங்க அழிச்ச டிஸ்கைத் திறந்தேன். ஆளுங்க அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு வாரமாப் பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பிறகு கைப்பையைத் திறந்து, வியர்வை துடைக்க எடுத்துவந்தது என்று நான் நினைத்திருந்த துண்டைப் பிரித்தாள். உள்ளே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்.

"எங்க அக்கா வீட்டு அலமாரில வச்சிருந்தது. மொத காப்பி பழைய கம்ப்யூட்டரோட போச்சு, ரெண்டாவது உங்க கையால போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. அதான் இன்னிக்கே வாங்கணும்னேன். இன்னொரு போலி டிரைவ்ல இதைப் போட முடியுமா, சொல்லுங்க?"

காலையிலிருந்து நான் முனகிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பிவந்து என்னை அறைந்தது.

பழைய டிஸ்கைச் செருகிப் புது டிரைவுக்குக் காப்பி போட்டார்கள். கடகடவென்றது. பத்து சதவீதம், முப்பது சதவீதம். அறுபத்தொன்றில் நின்றுவிட்டது. கடைக்காரர் பேச்சை நிறுத்தினார். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்றிருந்தது. ஒரு நிமிடம் ஒரு யுகமாகப் போனது. பிறகு அறுபத்திரண்டு வந்தது. நூறு தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

புது டிரைவிலிருந்து ஒன்றைத் திறந்தாள். மகள் தத்தித் தத்தி நான்கு அடி வைத்து, நீட்டியிருந்த என் கையில் வந்து விழுந்தாள். அந்தக் கடையில் வைத்து நான் அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு கடைக்காரரிடம், "இதே மாதிரி இன்னும் ரெண்டு குடுங்க" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதையும் முழுசா நிரப்பிப் பாக்கணுமாக்கா?"

அவள் வாய் திறக்கும் முன்பே நான் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நிரப்புங்க சார்" என்றேன். "நான் உக்காந்திருக்கேன்."