கட்டுப்போட்ட வலது கை

வவுணதீவுப் பக்கம் அறுவடை முடிந்தால் எனக்கு வேலை தொடங்கிவிடும். சாரன்களையும் சேலைகளையும் கட்டாகக் கட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பேன். அப்படிப் போன ஒரு காலையில் வயல் வீதியில் எருமை ஒன்று குறுக்கே வந்து நின்றது. நான் விலகுவேன் என்று அது நினைத்தது, அது விலகும் என்று நான் நினைத்தேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிக்கட்டில் சேறு படவில்லை. என் வலது தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு மட்டும் துண்டு துண்டாகிப் போனது.

ஆஸ்பத்திரியில் தோளைத் திறந்து தகடு வைத்து ஆணி அடித்தார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தபோது வலது கை என் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. கழுத்திலிருந்து ஒரு பட்டி முழங்கையைத் தாங்கியது. இன்னொரு பட்டி இடுப்பைச் சுற்றிக் கையை உடம்போடு இறுக்கிப் பிடித்தது. எல்லாரும் அதை பெல்ட் என்றுதான் சொன்னார்கள். பிசியோ பார்க்கும் பெண்பிள்ளை வந்து, விரல்களை மட்டும் மூடித் திறக்க வேண்டும், குளிக்கும்போது தவிர இதைக் கழற்றக் கூடாது, கையைத் தொங்கவிடவே கூடாது என்று விளக்கினார். எலும்பு பொருந்துவதற்கு முன்னால் கழற்றி ஏதாவது பாரம் தூக்கினால் ஆணி பிடுங்கிக்கொள்ளுமாம். பிறகு கை தோளுக்கு மேல் எழும்பாது என்றார். பாரம் தூக்கிப் பிழைக்கிற ஆள் நான். இதைவிட வேறு மிரட்டல் எனக்குத் தேவைப்படவில்லை.

ஏறாவூரில், மனைவியின் வீட்டில், ஒற்றைக் கை மனிதனாக வாழத் தொடங்கினேன். ஒற்றைக் கையால் சாரனைக் கட்ட முயன்று பாருங்கள், மனிதனின் மானம் எதில் தொங்குகிறது என்று விளங்கும். மனைவிதான் கட்டிவிட்டாள். முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் சலித்தாள், பிறகு அடுப்பில் கறி கொதிக்கும்போதே வந்து ஒரு சுருட்டுச் சுருட்டிச் செருகிவிட்டுப் போனாள். படுக்க முடியாது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, முழங்கைக்கு அடியில் ஒன்று வைத்து, பஸ்ஸில் தூங்குகிறவனைப்போல் உட்கார்ந்தபடியே தூங்கினேன். பள்ளிவாசலில் கதிரை போட்டுத் தொழுதேன். கட்டுப்போட்ட கை நெஞ்சுக்குக் கீழே மடங்கிக் கிடந்ததால், எந்நேரமும் தக்பீர் கட்டியபடியே திரிகிறீர்களே காக்கா, எங்களுக்கும் சேர்த்துத் தொழுங்கள் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

காத்தான்குடியில் என் உம்மா படுக்கையில் இருந்தார். பாரிசவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்ததும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். உம்மாவுக்கு நான் ஒரே மகன். நான் ஏறாவூருக்கு வந்தேன்; தங்கச்சியைக் கட்டியவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் அறையில் அவருடைய சட்டைகள் தொங்கின. என் வாப்பா உட்கார்ந்த கதிரையில் அவர் உட்கார்ந்தார். மச்சான் நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். எனக்கு அவரைப் பிடிக்காது. காரணம் கேட்டால் அவர் அதிகம் பேசமாட்டார் என்பேன், வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

கை உடைந்ததை உம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தோம். நான் போகாமல் இருந்ததிலேயே அவர் பிடித்துவிட்டார். சமாளிக்க முடியாமல் ஓட்டோ பிடித்துப் போனேன். பட்டணத்தைக் கடந்து பாலம் ஏறும்வரை வீதியின் ஒவ்வொரு குழியும் என் தோளைத் தேடி வந்தது. உம்மா என்னைக் கண்டதும் அழவில்லை. பெல்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.

தங்கச்சி பீங்கானில் சோறு கொண்டுவந்து, இடது கையில் கரண்டியைத் தந்தாள். இடது கையால் சாப்பிடுவது சின்ன வயதிலேயே எங்களுக்கு அடித்துத் திருத்தப்பட்ட விஷயம். முடியாதவனுக்கு ஆகும் என்று தெரிந்தாலும் ஒவ்வொரு வாயும் கூச்சமாகவே இறங்கும். உம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பீங்கானக் கொண்டா இஞ்ச,” என்றார்.

உம்மாவை எழுப்பி உட்கார்த்த வேண்டும். தங்கச்சிக்கு முதுகு வருத்தம். வீட்டுக்கு முன்னால் அவர் வைத்திருந்த பலசரக்குக் கடையிலிருந்து மச்சானைக் கூப்பிட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு கையை உம்மாவின் கழுத்துக்கு அடியில் கொடுத்தார், மற்றதை இடுப்புக்குப் பின்னால் கொடுத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமியார் உடம்பைத் தொடுகிற மருமகனின் மரியாதை அது என்று பிறகுதான் விளங்கியது. “மாமி, கொஞ்சம் திரும்புவம்,” என்று மெல்லச் சொன்னார். சொன்னதும் உம்மா தன் நல்ல கையால் அவர் தோளைப் பிடித்தார். ஒரே அசைவில் உட்கார்த்திவிட்டார். புண் வராமல் இருக்க ஒரு நாளில் எத்தனையோ தடவை கடையை விட்டு வந்து இப்படித்தான் புரட்டிவிடுவாராம்.

உம்மா தன் வலது கையால் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டினார். நான் இடது கையால் பீங்கானைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நல்ல கை இருந்தது. மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். ஐம்பது வயதைக் கடந்தவன், தாடி நரைத்தவன், வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். மச்சான் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கடைக்குப் போனார். அவர் இருந்திருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். போனதிலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு உம்மா அதிக நாள் இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி போன் எடுத்தாள். அழுகைதான் கேட்டது, அதுவே போதுமாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பெண்கள் உம்மாவைக் குளிப்பாட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஜும்ஆத் தொழுகையோடு அடக்குவது என்று பேசி முடிந்திருந்தது. எனக்கு மனதில் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் இறந்த பெண்ணின் மையத்தைக் கபுறுக்குழிக்குள் இறங்கி வாங்க அவளுடைய மகன், சகோதரன், மருமகன் போன்ற நெருங்கிய ஆண்கள்தான் வேண்டும். மகன் இருக்கும்போது தலைமாடு மகனுக்குத்தான். வாப்பாவை அப்படித்தான் வாங்கினேன். உம்மாவையும் நான்தான் வாங்குவேன் என்று எப்போதோ மனதில் எழுதி வைத்திருந்தேன். வீடு போனது, அறை போனது, கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருக்கிற கொடுப்பினையும் போனது. இதையாவது வேறொருவருக்கு விடமாட்டேன் என்று நினைத்தேன்.

கிணற்றடியில் இருந்த குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினேன். இடுப்புப் பட்டியை இடது கையால் பிரித்தேன். கழுத்துப் பட்டியைப் பல்லால் இழுத்தேன். கை விடுபட்டுக் கீழே இறங்கியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து நின்று, தூக்கு என்று கைக்குக் கட்டளையிட்டேன். அது தொப்புள்வரைகூட வரவில்லை. ஈரச் சாரனைப்போல் தொங்கியது. அப்படியும் விடுகிற எண்ணம் இல்லை. கபுறுக்குள் இறங்கிவிட்டால் அல்லாஹ் பலம் தருவான் என்று நினைத்தேன்.

மச்சான் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கதவைத் தட்டித் திறக்கச் சொன்னார். திறந்தேன். என் கையையும் தரையில் கிடந்த பெல்ட்டையும் பார்த்தார். விஷயம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“நீங்க தலமாட்டுல நிண்டு இந்தக் கை விட்டுட்டெண்டா, மறுகா மாமி விழுவா மச்சான்,” என்றார்.

“அவ என்ட உம்மா,” என்றேன். சொன்ன தொனியில் இருபது வருட ஆத்திரமும் இருந்தது. அவருக்கு அது கேட்டிருக்கும்.

“ஓம். உங்கட உம்மா. அதாலதான் செல்றன்.”

அவர் குனிந்து பெல்ட்டை எடுத்தார். நான் அவர் பக்கம் திரும்பி நின்றேன். ஒரு கையை என் முழங்கைக்கு அடியில் கொடுத்து, மற்றக் கையால் மணிக்கட்டைத் தாங்கி, நோகாமல் மடக்கி வயிற்றோடு வைத்தார். பட்டியைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார். நான் அழுவதைப் பார்க்காமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அந்தக் கை காதுவரை எழும்புகிறது, துணிக்கட்டும் தூக்குகிறது. அன்று கழற்றியபடியே இறங்கியிருந்தால் இரண்டும் இல்லை என்று பிசியோப் பெண்பிள்ளை பிறகு கண்டிப்பாகச் சொன்னார்.

வெள்ளைத் துணியால் கபனிட்ட பிறகு உம்மாவின் முகத்தைப் பார்க்க விட்டார்கள். நெற்றியில் முத்தமிட்டேன். கற்பூர வாசம். ஒரு பக்கம் கோணியிருந்த வாய் நேராகிவிட்டதுபோல் இருந்தது. என் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். உம்மாவைத் தெரியாதவர்கள்கூட ஓடி வந்து நாலு எட்டுச் சுமந்தார்கள். நான் வயிற்றில் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஊருக்கெல்லாம் தோள் இருந்தது, பெற்ற மகனுக்கு இல்லை. அந்த நடையைப்போல் ஒரு நீண்ட நடையை நான் நடந்ததில்லை.

மையவாடியில் மச்சானும் என் மூத்த மகனும் கபுறுக்குள் இறங்கினார்கள். மச்சான் தலைமாட்டுக்குப் போனார். பெண் மையத்தை இறக்கும்போது கபுறுக்கு மேல் ஒரு துணியைக் கூரைபோல் விரித்துப் பிடிப்பது எங்கள் வழக்கம். மற்றவர் கண் படக்கூடாது என்பதற்காக. மௌலவி என்னைப் பார்த்துவிட்டு, துணியின் ஒரு மூலையை என் இடது கையில் தந்தார். அதைச் செய்ய ஒரு கை போதும். நான் பிடித்த மூலை தலைமாட்டுப் பக்கம். ஆனால் பிடிக்கிறவனும் பார்க்கக் கூடாது. உம்மாவை உள்ளே இறக்கினார்கள். வெள்ளைத் துணியின் ஓரம் ஒரு கணம் தெரிந்தது, பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் பிடித்திருந்த துணிதான்.

மௌலவி ஓதினார். கீழே மணல் சரியும் சத்தம். மகன் மூச்சு வாங்குவது கேட்டது. கபனின் முடிச்சுகளை அவிழ்த்து, முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பி, கன்னம் மண்ணில் படும்படி வைக்க வேண்டும். அந்த வேலை தலைமாட்டில் நிற்கிறவருக்கு. எனக்கென்று நான் வைத்திருந்த வேலை. துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

துணிக்கு அடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது. மற்ற யாருக்கும் கேட்டிருக்காது, அவ்வளவு மெல்லச் சொன்னார்.

“மாமி, கொஞ்சம் திரும்புவம்.”

நான் பிடித்திருந்த மூலை தாழ்ந்தது. பக்கத்தில் நின்றவர் என் மூலையையும் சேர்த்து உயர்த்திப் பிடித்தார். பலகைகளை ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தார்கள். எல்லாம் அடுக்கி முடிந்ததும் துணியை எடுத்தார்கள்.

மகனை யாரோ தூக்கிவிட்டார்கள். மச்சான் கடைசியாக நின்றார். உடம்பெல்லாம் மணல். மேலே ஏறுவதற்கு வலது கையை நீட்டினார், நீட்டிய பக்கம் நான் நின்றேன். பெல்ட்டைக் கண்டதும் கையை மாற்றி இடது கையை நீட்டினார். முழங்காலை மணலில் ஊன்றி அந்தக் கையைப் பிடித்தேன். கற்பூரம் மணத்தது. அவர் கனமான ஆள். இழுத்தபோது கட்டுக்குள் கிடந்த தோளும் சேர்ந்து நொந்தது. அவர் மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்ற பிறகும் நான் அந்தக் கையை விடவில்லை.