நட்டுக்கு அடியில் எனிட்

நார்மன் பார்ஜிட்டர் பெயிண்ட் அடித்த இடத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று இங்கிலாந்தில் டட்லி ஊர்ப் பக்கம் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பஸ் கட்டும் பட்டறையில் ஸ்பிரே துப்பாக்கி பிடித்தே தலை நரைத்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கராஜில் துணி போர்த்திக் கிடந்த தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை சென்ற குளிர்காலத்தில் அக்கக்காகப் பிரித்துப் போட்டார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை மடங்கும் வண்டி. அதற்குக் கரும்பச்சை பெயிண்ட். தெரிகிற இடம், தெரியாத இடம் என்று பேதம் பார்க்கவில்லை. டிக்கியின் உட்புறம், தகட்டின் பின்புறம், போல்ட் ஓட்டைகளின் விளிம்பு எல்லாவற்றுக்கும் பூச்சுக்கு மேல் பூச்சு. தோட்டத்துக் குருவிக்கூண்டுக்கு உள்பக்கமும் பெயிண்ட் அடித்தவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

வசந்தம் வந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். பின்விளக்குகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்கும். இண்டிகேட்டரைப் போட்டால் அது அழுது வடிய, பிரேக் விளக்கு கண்ணடிக்கும். ஹெட்லைட்டையும் சேர்த்துப் போட்டால் பின்னால் எல்லாமே இழவு வீடு மாதிரி மங்கிப்போகும். நார்மன் பல்புகளை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். ஸ்விட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். விளக்குகள் அசைந்து கொடுக்கவில்லை.

இதில் நார்மனின் மானமும் மாட்டிக்கொண்டிருந்தது. வேல்ஸில் இருக்கும் பார்மத் கடற்கரைக்கு இந்தக் காரில் கூட்டிப்போகிறேன் என்று மனைவி எனிட்டிடம் அவர் சொல்லாத கோடை இல்லை. ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு பாகம் பிரித்துக் கிடக்கும். இந்த வருஷம் எனிட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே முடிவைச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வருஷாந்திர டெஸ்ட்ல வண்டி பாஸ் ஆச்சுன்னா சனிக்கிழமை உன்னோட வரேன். ஆகலேன்னா மேவிஸோட டூர் கோச் பஸ்ல போயிடறேன். அவ எனக்கு ஒரு சீட் பிடிச்சு வெச்சிருக்கா."

மேவிஸ் எனிட்டின் தங்கை. எனிட் கோபமாகச் சொல்லியிருந்தால் நார்மன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு வில்ஃப் வந்து சேர்ந்தார். டெலிபோன் கம்பங்களில் ஏறி ஒயர் இழுத்தே காலத்தை ஓட்டியவர், பன்றிக்கறி அடைத்த பலகாரத்தைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே வேலை செய்கிறவர். பிரேக் விளக்கைச் சோதிக்க எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. மிதிக்கிற உத்தியோகம் கல்யாணமான நாளிலிருந்தே எனிட்டுடையது.

"மிதி எனிட்."

"மிதிச்சுட்டேன்."

"இப்ப இடது இண்டிகேட்டர் போடு கண்ணு."

"போட்டாச்சு. என்னதான் எரியுது அங்க?"

"எரிய வேண்டியதைத் தவிர எல்லாம் எரியுது" என்றார் நார்மன்.

வில்ஃப் ஒரு நீள ஒயரை எடுத்து, ஒரு நுனியை பேட்டரியின் எர்த் முனையில் மாட்டினார். மறுநுனியை டிக்கிக்குள் கொண்டுபோனார். பின்விளக்குகள் எல்லாவற்றின் கறுப்பு ஒயர்களும் அங்கே ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்து, ஒரு நட்டுக்கு அடியில் முடுக்கப்பட்டிருந்தன. அந்த ஒயர் முனைகளில் வைத்தார். விளக்குகள் எல்லாம் பளீரென்று எரிந்தன. எடுத்தார். பழைய பைத்தியம் திரும்பியது.

"டேய் நார்மன், உன் பெயிண்ட்டுதான்டா வில்லன். பல்புக்குப் போன கரன்ட் இந்த போல்ட் வழியா, வண்டி இரும்புல இறங்கித்தான் பேட்டரி வீட்டுக்குத் திரும்பணும். நீ நடுவுல பெயிண்ட்டால கதவைச் சாத்திட்டே. அது வழி தெரியாம மத்த பல்பு வீட்டுக் கதவை எல்லாம் தட்டிக்கிட்டு அலையுது."

"சரி."

"என்ன சரி? நட்டைக் கழட்டி, அடியில இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டு. டீ கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

நார்மனுக்கு முகம் தொங்கிவிட்டது. அதற்குக் காரணம் பெயிண்ட் மட்டும் அல்ல.

பஸ் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பூச்சுக்கு முன்னால், பிற்பாடு ஏதாவது ஒரு பாகம் வந்து மூடிவிடப்போகிற இடமாகப் பார்த்து, பெயிண்டர் மெல்லிய தூரிகையால் ஒரு பெயரை எழுதுவான். ஒருவன் அம்மா பெயரை எழுதினான். ஒருவன் தன் நாயின் பெயரை எழுதினான், யாரும் சிரிக்கவில்லை. நார்மன் எழுதியது எப்போதும் ஒரே பெயர்தான். வீட்டில் இதைப்பற்றி அவர் மூச்சு விட்டதில்லை. காலையில் கட்டிலுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அதற்கு மேல் பிரியத்தைப்பற்றி என்ன பேச்சு என்பது அவர் கட்சி. வாய்தான் அப்படி, கை வேறு கட்சி. குளிர்காலத்தில் அதே கை, டிக்கிக்குள் அந்த போல்ட் ஓட்டையைச் சுற்றி வட்டமாக, வெண்ணெய் நிறத்தில், எனிட் என்று எழுதி மேலே வார்னிஷும் பூசிவிட்டது. நட்டு வந்து மூடிக்கொண்டது.

"இங்க வேணாம்" என்றார் நார்மன். "வேற இடத்துல ஓட்டை போட்டு எர்த் எடுத்துக்கறேன்."

வில்ஃப் கடிப்பதை நிறுத்தினார். "நல்ல தகட்டுல ஓட்டையா? நீயா? என் வண்டியில ரேடியோவுக்கு நான் ஓட்டை போட்டப்ப மாசக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்தியே."

"அது வேற."

"எப்படி வேற?"

"வேறன்னா வேறதான். நீ உன் பலகாரத்தைத் தின்னு."

வில்ஃப் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். நார்மன் துளைபோடும் மெஷினை எடுத்தார். தகட்டில் ஒரு இடம் பார்த்து நுனியை வைத்தார். எடுத்தார். இன்னொரு இடம் பார்த்தார். தன் பெயிண்ட்டில் தானே ஓட்டை போட அவருக்குக் கை வரவில்லை. பெயரைச் சுரண்டவும் மனசு வரவில்லை. பாவம், உண்மையிலேயே பாவமாக இருந்தது அந்த மனிதரைப் பார்க்க.

"நான் இன்னும் மிதிச்சுட்டே இருக்கணுமா? இல்ல இறங்கி டீ போடவா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. யாரும் போதும் என்று சொல்லாததால் எனிட் அதுவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பதில் வராததால் இறங்கி டிக்கிப் பக்கம் வந்தார். "அந்த நட்டைக் கழட்டு. அதுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா காதெல்லாம் செவந்து கிடக்கு?"

நார்மன் கழற்றினார். எனிட் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டார். வெகு நேரம் தலை வெளியே வரவில்லை.

"எப்ப எழுதினே இதை?"

"ஜனவரில." பிறகு, எப்படியும் மாட்டிக்கொண்டாயிற்று என்று மீதியையும் சொன்னார். "பஸ்லயும் எழுதுவேன்."

"எந்த பஸ்ல?"

"எல்லாத்துலயும்."

எனிட் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"லேட்டா வருதுன்னு அந்த பஸ்ஸுங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா நார்மன்? மழையில நின்னு, வாய்க்கு வந்தபடி."

"தெரியும். வீட்டுக்கு வந்து என்கிட்டதானே மறுபடி திட்டுவே."

"அப்பகூட சொல்லலையே நீ." ஏப்ரனைக் கீழே விட்டுவிட்டுக் கையை நீட்டினார். "சரி, உப்புத்தாளைக் குடு."

"வேணாம் எனிட். ஓட்டை போட்டுக்கலாம்."

"ஓட்டை போட்டா துருப்பிடிக்கும். அப்பறம் ஆயுசு பூரா அந்தத் துருவைப் பத்தியே பேசுவே, கேட்டுத் தொலைக்கிறது நான். பேரு போனா போகட்டும். ஆளே முன்னால உக்காந்து வரேன்ல?"

கருகிய ரொட்டியைச் சுரண்டுகிற கை. தயங்காமல் சுரண்டியது. வார்னிஷ் போயிற்று, வெண்ணெய் நிறம் போயிற்று, பச்சை போயிற்று, கடைசியில் காசு மாதிரி ஒரு வட்ட இரும்பு மின்னியது. நார்மன் பார்க்க மாட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர்களை வைத்து நட்டை முடுக்கினார். எனிட் போய் உட்கார்ந்து மிதித்தார். பின்னால் இரண்டு விளக்கும் நல்ல சிவப்பாக எரிந்தன. இண்டிகேட்டர் ஒழுங்காகக் கண் சிமிட்டியது.

"என்ன எரியுது?"

"எரிய வேண்டியது எரியுது" என்றார் நார்மன்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட்டில் வண்டி பாஸ் ஆனது. மேவிஸ் கோச்சில் தன் கைப்பைக்குத் தனி சீட் கொடுத்து உட்கார்ந்து போனாள்.

சனிக்கிழமை வேல்ஸ் பக்கம் மலைப்பாதையில், அவர்களுக்கு முன்னால் ஒரு பழைய பஸ் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. எனிட் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார்.

"இது உங்க பட்டறையில கட்டினதா?"

"ஆமா."

"அப்ப அது எங்க இருக்கும்?"

"ஏறின உடனே, மணி பட்டன் பெட்டிக்குப் பின்னால."

வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்தது. எதிரே வண்டி இல்லை. நார்மன் வலது இண்டிகேட்டரைப் போட்டார். அது மணியாகச் சிமிட்டியது.

"முந்தாத நார்மன்" என்றார் எனிட். "கொஞ்ச தூரம் பின்னாலயே போகலாம்."

அவர் இண்டிகேட்டரை அணைத்தார்.