வலப்பக்கம் திறந்த ஆறு இதழ்கள்

ஆறும் இருக்கின்றன! உப்புக்காற்று, கரையான், இரண்டு முறை வீடு மாறியது, பேரப்பிள்ளைகளின் பிசுபிசுத்த கை எல்லாவற்றுக்கும் தப்பி ஆறு இதழும் அலமாரியின் அடித்தட்டில், என் நிக்காஹ் சேலைக்குக் கீழே கிடந்தன. போன வாரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தலையைத் தூக்கவில்லை. சோறு ஆறிப்போய்விட்டது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா மாமி?" என்று மருமகள் கேட்டாள். தேவைதான். இந்த வயதில் தேவைப்படாமல் பிறகு எப்போது தேவைப்படுமாம்?

அது ஒரு இங்கிலீஷ் படக்கதை. ஐந்து பேர் கொண்ட கூட்டம் ஒன்று, ஆளுக்கொரு சக்தியோடு, ஊரை அழிக்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டும். இங்கிலீஷில் அவர்களுக்கு என்னென்னவோ பெயர். அது யாருக்குத் தெரியும்? நாங்கள் வைத்த பெயர்தான் எங்களுக்கு. ஒற்றைக் கையால் கப்பலைத் தூக்குகிற மொட்டைத்தலையர் கப்பல்தூக்கி. தண்ணீருக்குள் மூச்சுவிடுகிறவர் சங்குகுளிக்காரர். காற்றைக் கூப்பிட்டு ஏவுகிறவருக்கு எங்கள் ஊர் மேல்காற்றின் பெயர், கச்சான். பத்துக் கல்லுக்கு அப்பால் நடப்பதைப் பார்க்கிறவர் தூரக்கண்ணர். ஐந்தாவது ஆள் ஒரு பெண். அவள் கை வைத்தால் போதும், எந்தக் கதவும் திறந்துகொள்ளும். பூட்டு, தாழ்ப்பாள், இரும்புக் கம்பி ஒன்றும் நிற்காது. அவள்தான் கதவுக்காரி. மற்ற நான்கு பேரையும் கடலில் போடுங்கள், எனக்குக் கதவுக்காரி போதும்.

அறுபதுகளின் தொடக்கம். என் காக்கா, அதாவது என் அண்ணன், கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக ஊர் வந்து சேர்வார். ஒருமுறை உம்மாவுக்குப் பீங்கான் கோப்பைகள் கொண்டுவந்தார். உடையாமலிருக்க அவற்றைச் சுற்றியிருந்ததுதான் முதல் இதழ். உம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டார், நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். அதற்காக நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வந்த ஒவ்வொரு முறையும் காக்கா எங்கிருந்தாவது ஒன்று தேடிப்பிடித்துக் கொண்டுவந்துவிடுவார்.

இதழ்களை என்னோடு சேர்ந்து வாசித்தவள் சாச்சா மகள், அதாவது சித்தப்பா மகள். எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் அவர்கள் குடும்பம் இருந்தது. அவள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். அந்த நான்கு மாதத்தை வைத்துக்கொண்டு என்னை நாட்டாமை செய்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை, குர்ஆன் ஓதப் போனதோடு சரி. தமிழையும் அரபு எழுத்தில்தான் எழுதுவாள், வாசிப்பாள். முதல் இதழைக் கையில் வாங்கியதும் அதை வலப்பக்கம் திறந்தாள். அஞ்சாங்கிளாஸ் வரை படித்த நான் சும்மா இருப்பேனா? "இடப்பக்கம்டி" என்றேன்.

"தமிழ்ப் பொஸ்தகம் நம்மூருப் பொஸ்தகம், அது இடப்பக்கம். குர்ஆன் கடல் தாண்டி வந்துச்சு, அது வலப்பக்கம். இது எங்கிட்டு வந்துச்சு?"

"கடல் தாண்டித்தான்."

"அப்ப வாய மூடிட்டுப் பாரு."

ஆகவே ஆறு இதழையும் நாங்கள் பின்னட்டையிலிருந்து, வலமிருந்து இடமாக வாசித்தோம். வாசித்தோம் என்ன, இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது, படத்தைப் பார்த்துச் சத்தமாகக் கதை கட்டினோம். ஆகா, என்ன கதைகள்! இடிந்து கிடக்கிற ஊரில் கதை ஆரம்பிக்கும். போகப் போகக் கோபுரங்கள் எழுந்து நிற்கும், தீ அடங்கும், ஓடிய சனமெல்லாம் வீடு திரும்பும். கடைசியில் ஐந்து பேரும் நிம்மதியாக உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். பின்னட்டையில் சைக்கிளோடு ஒரு பையன் சிரித்துக்கொண்டு நிற்பான். அது சைக்கிள் விளம்பரம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் ஆறாவது ஆள், எப்படியும் கதைக்குள் வருவான் என்று இரண்டு வருடம் காத்திருந்தோம். கடன்காரன், வரவேயில்லை.

வாசிக்க எங்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் தெருவைச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பக்கச்சுவரில் ஓர் உள்வாசல் உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமலே கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரைக்கும் வீடு வீடாக நடந்து போய்விடலாம். எங்கள் வீடு கீழ்க்கோடி. அடுத்தது மாமி வீடு. மாமி, வாப்பாவின் உடன்பிறந்த அக்கா. மாமி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலிருந்த உள்வாசல் மட்டும் ஆறு வருடமாகச் சாத்திக் கிடந்தது. கலியாணம் என்றால் சொந்தக்காரர்களை உள்வாசல் வழியாகப் போய்த்தான் கூப்பிடவேண்டும். என் மூத்த லாத்தாவின், அதாவது அக்காவின், கலியாண அவசரத்தில் வாப்பா கூலிக்கு அழைப்புச் சொல்கிற ஆளைத் தெருவாசல் வழியாக அனுப்பிவிட்டார், ஊராரை அழைப்பதுபோல. "தெருவாசல் சொந்தமாப் போயிட்டேனா நான்?" என்று மாமி அன்று போட்ட தாழ்ப்பாள் அது. வாப்பாவும் லேசுப்பட்டவரா? "திறக்கும்போது திறக்கட்டும்" என்று இருந்துவிட்டார். மாமி கலியாணத்துக்கும் வரவில்லை, இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தத்துக்கும் வரவில்லை. மூடின வாசல் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்தக் கதவடியில்தான் எங்கள் வாசிப்பு.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம் மேல்கோடி வீட்டின் பின்கட்டில் பெண்பிள்ளைகளுக்கென்று ஆறாங்கிளாஸ் ஆரம்பித்தார்கள். ஆறாங்கிளாஸ் என்றால் இங்கிலீஷ்! கதவுக்காரி என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ளலாம்! நான் சாப்பிடாமல் அடம்பிடித்தேன், அழுதேன், உம்மாவின் முந்தானையைப் பிடித்துத் தொங்கினேன். லீவில் வந்திருந்த காக்காவும் எனக்காகப் பேசினார். வாப்பா முற்றத்தில் சங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "போகட்டுமே. தெருவுல காலு படாமப் போயிட்டுத் தெருவுல காலு படாம வரட்டும். நான் ஏன் தடுக்கப் போறேன்?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமி வீட்டு உள்வாசல் சாத்திக் கிடக்கையில், வாப்பா வேண்டாம் என்று சொல்வதற்கு அது ஒரு வழி. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பீங்கான் கோப்பையை உடைத்தேன், உம்மாவிடம் வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

அந்த முறை காக்கா கொண்டுவந்ததுதான் ஆறாவது இதழ். கதவடியில் உட்கார்ந்து வலப்பக்கம் திறந்தோம். முதல் பக்கத்திலேயே ஒரு வீடு, சாத்திய கதவு. வெளியே நான்கு பேரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். அடுத்த கட்டத்தில் கதவு திறந்திருக்கிறது, வாசலில் கதவுக்காரி! அப்புறம் அவள் தோளுக்குச் சிவப்புப் போர்வை வருகிறது, அப்புறம் வானத்தில் பறக்கிறாள். "வீட்டுக்குள்ள கெடந்த பிள்ளைய வெளிய கூட்டிட்டு வந்துட்டாகடி!" என்று நான் கத்தியது வாலிநோக்கம் வரை கேட்டிருக்கும். ஒரு வாரம் அந்த இதழையே திரும்பத் திரும்ப வாசித்தோம்.

ஒரு நாள் காக்கா வந்து எட்டிப்பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே, தலைகீழாப் படிக்கிறீகளே!" என்று எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கி இடப்பக்கம் திறந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனார். கதவுக்காரி களைத்துப்போகிறாள். இனி என்னால் முடியாது என்கிறாள். போர்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போகிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான்கு பேரும் வெளியே நிற்கிறார்கள். கதை முடிந்தது.

"பொய்யி!" என்றேன்.

"இந்தா பாரு, 'முற்றும்'னு போட்டிருக்கான்" என்று விரலை வைத்துக் காட்டினார். நான் இதழைப் பிடுங்கி அவர் மடியிலேயே வீசிவிட்டு எழுந்துபோனேன். சாச்சா மகளிடமும் பேசவில்லை. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. எந்தக் கதவையும் திறக்கிறவளே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள் என்றால் நான் எம்மாத்திரம்? பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் சாச்சா மகள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அங்கன வா. கதவு தட்டுது!"

ஓடினேன். ஆமாம், தட்டுகிறது! அந்தப் பக்கத்திலிருந்து!

"ஏண்டி, யாருடி அது?" மாமியின் குரல். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசுகிறார். "ஏன் நிப்பாட்டிட்டீக? மூணு நாளாப் பாயப் போட்டுட்டுக் காத்துக் கெடக்கேன். அந்தக் கதவுக்காரிப் பிள்ள என்ன ஆனா?"

யா அல்லாஹ்! இரண்டு வருடமாக நாங்கள் கத்தியதையெல்லாம் மாமி அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் கதையையே சொல்லியிருக்கலாம். என்னமோ பொய் சொல்ல வாய் வரவில்லை. தலைகீழாக வாசித்ததையும், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதையும் சொன்னேன்.

மாமி கேட்டார்: "அப்ப அந்த நாலு பேரும் வெளிய சும்மாவா நிண்டாக? ஒருத்தன்கூடவா கதவத் தட்டல?"

நான் நேராக முற்றத்துக்கு ஓடினேன். சங்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வாப்பாவிடம் மாமி கேட்டதை அப்படியே சொன்னேன். கதவுக்காரி யார், கப்பல்தூக்கி யார் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கையிலிருந்த சங்கு கையிலேயே நின்றுவிட்டது. என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார், கை கால் கழுவினார், சட்டை மாற்றினார், தொப்பியைப் போட்டுக்கொண்டார். கலியாணத்துக்கு அழைக்கப் போகிறவர் மாதிரி நடந்துபோய் உள்வாசல் கதவைத் தட்டினார்.

"லாத்தா, நாந்தான். மூத்தவளுக்குக் கலியாணம் வச்சிருக்கு. அவசியம் வாங்க."

உள்ளே வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மாமி சொன்னார்: "அவ ரெண்டு பிள்ள பெத்துட்டா. இப்பத்தான் கூப்பிட வாரியாக்கும்?"

"இப்பத்தான் வாரேன். எம்மேலதான் தப்பு."

தாழ்ப்பாள் துருவேறிப்போயிருந்தது, அசையவில்லை. அந்தப் பக்கம் மாமி அம்மிக்குழவியால் அடிக்க, இந்தப் பக்கம் காக்கா தோளைக் கொடுத்து முட்ட, வீட்டுப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். கதவு திறந்த வேகத்தில் காக்கா போய் மாமியின் காலடியில் விழுந்தார். மாமி வாப்பாவைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். "எங்கடி அந்தப் பொஸ்தகம்?"

வாப்பா சொன்ன சொல் தப்பாதவர். இரண்டாம் நாள் நான் மாமி வீட்டுக்குள் நுழைந்து, வீடு வீடாகப் பதினோரு உள்வாசல் கடந்து, தெருவில் கால் படாமல் ஆறாங்கிளாஸில் போய் உட்கார்ந்தேன். சாச்சா மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் இங்கிலீஷையும் வலப்பக்கமிருந்து எழுதிப் பார்த்து டீச்சரிடம் குட்டு வாங்கியது தனிக் கதை.

அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் போன வாரம் ஆறு இதழையும் இடப்பக்கமிருந்து, எழுத்து விடாமல் வாசித்தேன். பழுதில்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். ஆறாவது இதழை மாமி அன்று வாங்கி இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அதன் கடைசிக் கட்டத்தில் சாத்திய கதவும் நான்கு பேரும் இன்றும் அப்படியே இருக்கிறார்கள். கப்பல்தூக்கியின் தோளிலிருந்து மட்டும் ஒரு கை கூடுதலாக நீண்டு கதவைத் தட்டுகிறது. மாமி கண்ணுக்குச் சுறுமா தீட்டுகிற குச்சியால் வரைந்த கை. ஆறு விரல் போட்டிருக்கிறார்.