நிஹாறா டீச்சரின் பிழைகள்

விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து கடைக்குப் பாண் வாங்கப் புறப்பட்ட நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசியது. எங்கள் ஊர் தில்லையடியில் அந்த நேரத்து அறிவித்தல் என்றால் ஜனாஸாவாகத்தான் இருக்கும், யாரோ இறந்திருப்பார்கள். நிஹாறா டீச்சரின் பெயர் கேட்டதும், “இன்னா லில்லாஹி” சொல்வதற்கு முன்னால், “பிழை!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோனாள். எங்கள் முன்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்கு அது ஏன் என்று விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒவ்வொரு காலையும் ஏதாவதொன்றைப் பிழையாகச் செய்துகொண்டுதான் அவர் வகுப்புக்குள் வருவார். ஒரு நாள் செருப்பு கால் மாறியிருக்கும். இன்னொரு நாள் கோப்பையைக் கவிழ்த்து வைத்து அதில் பிளேன்டீ ஊற்றப் போவார். “பிழை டீச்சர்!” என்று பிள்ளைகள் கூரை பறக்கக் கத்துவார்கள். “ஏன் பிழை?” என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பார். “ஏனெண்டா...” என்று தொடங்கி, சொல் கிடைக்காமல் கையைக் காலை ஆட்டி, எப்படியோ காரணத்தைச் சொல்லி முடிப்பார்கள். நடுவில் டீச்சர் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்க மாட்டார். அவரோடு சேர்ந்து படிப்பித்த எனக்கோ பொறுமை போய்விடும்.

“அ, ஆ படிப்பிக்காம இதென்ன கூத்து?” என்று நான் ஏசுவேன்.

“புள்ளைக்குச் சொல்ல ஒரு விசயம் வேணும், ஜெஸீமா. யோசன முட்டினா சொல்லு தானா வரும்” என்பார். பிறகு என் தேத்தண்ணியையும் எடுத்துக் குடித்துவிடுவார்.

உப்பளத்தில் வேலை செய்பவரின் மகன் ஆகில் அப்போது எங்களிடம் வந்துகொண்டிருந்தான். வந்து மாதக்கணக்காகியும் தலையாட்டுவதைத் தவிர ஒரு பேச்சும் இல்லை. நோன்பு நடுவில் அவன் உம்மா வந்து அழுதாள். “ஊமையெண்டு சனம் கதைக்குது டீச்சர். வெக்கமா இரிக்கி. இனி ஊட்டோட இரிக்கட்டும்.”

வீட்டில் அடைத்து வைத்தால் அந்தப் பிள்ளை யாரோடு பேசப் போகிறது?

நிஹாறா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊமையில்ல மகள். நான் செருப்ப மாத்திப் போட்டா முதல்ல என்ட காலப் பாக்கிறது அவன்தான். யோசிக்கிற புள்ள. பெருநாள் வரைக்கும் உடுங்க.” அவள் அரை மனதோடு ஓம் என்றாள்.

பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு காலை நல்ல மழை. நிஹாறா ஜன்னலோரம் நின்று, “மழ எல்லாத்துக்கும் நல்லம். கத்தரிக்கும் நல்லம், தென்னைக்கும் நல்லம், உப்புக்கும் நல்லம்” என்றார். தோட்டக்காரர் பிள்ளைகள் எல்லாரும் “ஓம்!” என்றார்கள். அன்று பிழையைப் பிடிக்க ஆளில்லை.

ஆகில் எழுந்து நின்றான். “இல்ல. வாப்பா மழைக்கு ஏசுற.”

அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பேச்சு அது. நிஹாறா ஒன்றும் நடக்காதது போல, “ஏன் ஏசுற?” என்றார்.

“உப்பு கரஞ்சிரும். பொறகு... பொறகு வெயில் வரணும். வெயில் வந்தா தண்ணி போயிரும். உப்பு மட்டும் இரிக்கும்.”

மழையைக் கண்டு மகனை நேரத்தோடு கூட்டிப்போகக் குடையோடு வந்த உம்மா வாசலில் நின்று விம்மினாள். நிஹாறா திரும்பி, “சத்தம் போடாதீங்க, அவன் இன்னும் முடிக்கல்ல” என்று அதட்டினார். ஆகில் பெருநாளுக்குப் பிறகும் எங்கள் முன்பள்ளிக்கு வந்தான்.

நிஹாறாவின் ஜனாஸா வீட்டில் ஆகிலின் உம்மாவைக் கண்டேன். “இப்ப அவன்ட வாய மூட ஏலாது. ஊட்டில எல்லாத்துக்கும் ஏன், ஏன் எண்டு கேக்கிறான். எல்லாம் உங்கட டீச்சர் செஞ்ச வேல!” என்று அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். மௌத்து வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முன்பள்ளி மறுபடி திறந்த அன்று வகுப்புக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனேன். மனதுக்குள்ளே ஒரே அழுகை எனக்கு. ஆனாலும் போனேன்.

“பிழை டீச்சர்!”

“ஏன் பிழை?”

முன்வரிசையில் இருந்த சின்னவள் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். “உள்ளுக்க மழ பெய்யாதுதானே. நீங்க வேணுமெண்டுதான் செய்றீங்க.”

“நான் ஏன் வேணுமெண்டு செய்யணும்?”

“நாங்க கதைக்கத்தான். நிஹாறா டீச்சரும் அப்பிடித்தான்.”

அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிழைகளைத்தான். நாளைக்குச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போகப்போகிறேன்.